எல்லைக்கோடும் ஒரு வழக்கறிஞரும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் நெய்யாற்றின்கரை நகரைக் கடந்து, அமரவிளைப் பாலத்தில் நெய்யாற்றைத் தாண்டி, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களின் வழியே தெற்கு நோக்கிச் சென்றால் இஞ்சிவிளை என்னும் சிற்றூர் வருகிறது. அதற்கு அடுத்தாற்போல் களியக்காவிளை. இவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடவில்லை; ஒரு மலை நிற்கவில்லை. இப்புறமும் தென்னையும் மரச்சீனியும், அப்புறமும் அவையே. கடைகளின் பெயர்ப் பலகையிலுள்ள எழுத்து மாறுகிறது. சோதனைச் சாவடி ஒன்று நிற்கிறது. அவ்வளவே. ஆயினும் கேரள இராச்சியம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடம் அதுதான்.

இக்கோடு எப்பொழுது, எவரால், எதற்காக இழுக்கப்பட்டது என்று கேட்டால், பலரும் 1956ஆம் ஆண்டைச் சொல்வர். அது பாதி விடைதான். பழைய திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவுக்கும் விளவங்கோடு தாலுகாவுக்கும் இடையே இருந்த எல்லைதான் இது. கரம் வசூலிப்பதற்கும், தாசில்தாரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதை அறிவதற்கும் வகுத்த கோடு, 1956 நவம்பர் முதல் நாள் இரண்டு இராச்சியங்களின் எல்லையாக உயர்ந்துவிட்டது. அவ்வாறு உயர்வதற்குக் காரணமாக இருந்த கிளர்ச்சியை முன்னின்று நடத்தியவர், நாகர்கோவில் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி அணிந்து வாதாடிய ஒரு வழக்கறிஞர். அவர்தாம் ஏ. நேசமணி. அவர் வெற்றி கண்ட கதையைப் பலரும் சொல்லியிருக்கின்றனர். அவர் கேட்டுப் பெறாத நெய்யாற்றின்கரைத் தாலுகாவை, அதிலும் பாறசாலையைச் சூழ்ந்த எல்லைக் கிராமங்களை, நினைவில் வைத்துக்கொண்டு அதே கதையைப் பார்ப்பது இன்றைய பேச்சின் நோக்கம்.

நேசமணி 1895 ஜூன் 12ஆம் நாள் விளவங்கோடு தாலுகாவைச் சேர்ந்த பள்ளியாடியில் பிறந்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்று பட்டம் பெற்று, அந்நகரிலேயே சட்டமும் படித்து, 1921இல் நாகர்கோவிலில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அந்நாளில் தெற்குத் திருவிதாங்கூரில் வக்கீலாக இருப்பவருக்கு இரு மொழிகள் இன்றியமையாதவை. கட்சிக்காரர் தமிழில் கதை சொல்லுவார். அவர் மடியிலிருந்து எடுத்து நீட்டும் ஆதாரமோ மலையாளத்தில் எழுதப்பட்டிருக்கும். பாட்டம், ஒற்றி, ஜன்மம், பண்டாரவகை என்று நிலவுரிமை பல வகைப்பட்டுக் கிடந்தது. பகுதிக் கச்சேரியில் தம் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தாமே படித்தறிய மாட்டாத நிலையில் பல உழவர்கள் இருந்தனர். மொழிப் பிரச்சினை என்பதை நாம் இலக்கிய மேடைகளில் பேசிப் பழகிவிட்டோம். அங்கே அது முதலில் வயல் வரப்பிலும் கச்சேரித் திண்ணையிலும்தான் பிறந்தது என்பது என் எண்ணம்.

அவர் நீதிமன்றத்தில் காலெடுத்து வைத்த நாளைப் பற்றி நாகர்கோவிலில் இன்றும் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. வக்கீல்கள் அமரும் அறையில் மேற்சாதியாருக்கு நாற்காலி, மற்றவருக்கு முக்காலி. குடிநீர்ப் பானையும் வேறு வேறு. இளம் வக்கீல் நேசமணி அந்த முக்காலியைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார் என்பதே அச்செய்தி. சொல்லுவோர் ஒவ்வொருவரும் சற்று மாற்றிச் சொல்லுகின்றனர். ஆனால் அக்காலத்துத் திருவிதாங்கூரை அறிந்தவர் எவரும் இதை நம்ப மறுக்கமாட்டார். தோள்சீலைக்காக நாடார் பெண்கள் பட்ட அடிகளும், அப்போராட்டத்தை முடித்துவைத்த 1859ஆம் ஆண்டின் அரச விளம்பரமும் அவர் பிறப்பதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முந்தியவைதாம். கோயில் நுழைவு விளம்பரமோ அவர் வக்கீலாகிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்து, 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளிவந்தது. அந்த இடைவெளியில் வளர்ந்தவர் அவர்.

வக்கீல் தொழிலிலிருந்து பொதுவாழ்வுக்கு வருவது அன்று புதுமையன்று. திருவிதாங்கூர் இந்தியச் சமஸ்தானங்களில் முதன் முதலாகச் சட்டசபை கண்ட நாடு. 1888இலேயே சிறியதொரு சட்ட நிர்மாண சபை அங்கு ஏற்பட்டுவிட்டது. 1904இல் ஸ்ரீமூலம் பிரஜாசபை வந்தது. ஆனால் அதில் அமர்வதற்கும் அதற்கு வாக்களிப்பதற்கும் நிலக்கரமே அளவுகோல். மேடையில் பேச வல்லவர், மனு எழுத வல்லவர், திவானின் முன்னே அஞ்சாது நிற்க வல்லவர் என்று ஊர்கள் தேடியபோது பெரும்பாலும் அகப்பட்டவர்கள் வக்கீல்களே. நேசமணி 1943 முதல் 1947 வரை நாகர்கோவில் நகராட்சித் தலைவராக இருந்தார். அதே காலத்தில் ஸ்ரீமூலம் சட்டசபையிலும் உறுப்பினர். வக்கீல் சங்கத்தின் தலைவரும் அவரே. சர் சி. பி. இராமசுவாமி ஐயர் திவானாக இருந்து அரசு நடத்திய காலம் அது. சட்டசபைக்குப் பேசும் உரிமை உண்டு. முடிவு செய்யும் உரிமை திவானிடம் இருந்தது.

இனி, கட்சி பிறந்த கதை. 1945 டிசம்பரில் நாகர்கோவிலில் சாம் நத்தானியல் முதலியோர் அகில திருவிதாங்கூர் தமிழர் காங்கிரஸ் என்னும் அமைப்பைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு அதன் பெயர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என மாறியது. அப்பொழுது நேசமணி அதில் இல்லை. சமஸ்தானக் காங்கிரஸின் மேடையிலேயே அவர் நின்றார். பொறுப்பாட்சி வந்தால் தமிழருக்கும் உரிய பங்கு கிட்டும் என்று நம்பியவர்களுள் அவரும் ஒருவர். 1947 ஆகஸ்டில் திவான் பதவியை விட்டு நீங்கினார். பொறுப்பாட்சி வருவது உறுதியாயிற்று. ஆனால் சமஸ்தானக் காங்கிரஸின் உள்ளம் ஐக்கிய கேரளத்தின்பால் சென்றது. மலையாளிகளுக்கு அது இயல்பான ஆசை. மொழியால் ஒன்றான மக்கள் மூன்று ஆட்சிகளில் சிதறிக் கிடப்பதை எவர் விரும்புவர்? ஆனால் அந்த ஐக்கிய கேரளத்தில் தோவாளைத் தமிழனின் இடம் என்ன என்ற வினாவுக்கு விடை கிட்டவில்லை. 1947 செப்டம்பர் 8ஆம் நாள் நாகர்கோவில் ஆலன் நினைவு மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் நேசமணி தமிழ்நாடு காங்கிரஸில் சேர்ந்தார். அன்று முதல் அவ்வியக்கம் வேறோர் உருவம் பெற்றது.

1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரில் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடைபெற்றது. கரம் கட்டாத கூலிக்காரரும் சாவடிக்குச் சென்ற முதல் தேர்தல் என்று சொன்னால் அதன் பெருமை விளங்கும். 120 இடங்களில் சமஸ்தானக் காங்கிரஸ் 97 இடங்களைப் பெற்றது. தமிழ்நாடு காங்கிரஸுக்கு 14 கிடைத்தன. நூற்றிருபது பேர் கூடிய அவையில் பதினான்கு என்பது சிறு தொகைதான். ஆனால் அப்பதினான்கும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று ஒட்டிய தாலுகாக்களிலிருந்து வந்தவை. இதை நேசமணி நன்கு உணர்ந்திருந்தார். வழக்கில் சாட்சிகளின் எண்ணிக்கையைவிட அவர்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்பதற்கு மதிப்பு மிகுதி. தமிழ்ப் பகுதி தமிழ்க் கட்சியை அனுப்பியது என்ற ஒரே சான்றைத்தான் அவர் அதன்பின் எட்டாண்டுகள் ஒவ்வொரு மன்றத்திலும் காட்டிக்கொண்டிருந்தார்.

1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. இவ்விணைப்பால் விளவங்கோட்டு மக்களுக்கு நேர்ந்த ஒரு சிறு மாற்றத்தைச் சொல்ல வேண்டும். அதுகாறும் திருவனந்தபுரத்திலிருந்த உயர்நீதிமன்றம் எர்ணாகுளத்துக்குச் சென்றது. குழித்துறையில் தோற்றவன் மேல்முறையீட்டுக்குத் திருவனந்தபுரம் வரை போனால் போதும் என்றிருந்த காலம் போய், எர்ணாகுளம் போக வேண்டியதாயிற்று. தலைநகரம் திருவனந்தபுரம், நீதித் தலைநகரம் எர்ணாகுளம் என்று இரு பெரும் பகுதிகளும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டபோது, தெற்கே இருந்த தமிழ்த் தாலுகாக்களின் வசதியை நினைத்துப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. அரசியல் வரலாறு எழுதுவோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. வக்கீல்கள் பொருட்படுத்தினர், கட்சிக்காரர்கள் அதனினும் மிகுதியாகப் பொருட்படுத்தினர்.

1952ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் நேசமணி நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டசபைக்கு அவருடைய கட்சியினர் எட்டுப் பேர் சென்றனர். அங்கே காங்கிரஸுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. ஏ. ஜே. ஜானின் மந்திரிசபை இந்த எட்டுப் பேரின் ஆதரவையும் ஊன்றுகோலாகக் கொண்டு எழுந்தது. தமிழ்நாடு காங்கிரஸைச் சேர்ந்த சிதம்பரநாதன் மந்திரியாகவும் ஆனார். ஆனால் மந்திரி பதவி கிடைத்ததே தவிர, கேட்ட பிரதேசம் கிடைக்கும் வழி தென்படவில்லை. எட்டுப் பேரும் ஆதரவை விலக்கிக்கொண்டனர். 1953 செப்டம்பரில் மந்திரிசபை கவிழ்ந்தது. சிறிய கட்சிகள் பெரிய மந்திரிசபைகளைத் தாங்குவதும் கவிழ்ப்பதும் பிற்காலத்தில் இந்தியாவெங்கும் பழகிப்போன காட்சி. அதை மிக முந்தியே பார்த்த சட்டசபைகளுள் திருவிதாங்கூர்-கொச்சியும் ஒன்று.

1954ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களைப் பெற்றது. காங்கிரஸ் 45, கம்யூனிஸ்டுகள் 23, பிரஜா சோஷலிஸ்டுகள் 19. இந்நிலையில் 19 பேரை மட்டும் கொண்ட கட்சியின் தலைவரான பட்டம் தாணுப் பிள்ளை, காங்கிரஸின் வெளி ஆதரவோடு முதல் மந்திரியானார். அவரும் வக்கீல்தான். நாட்டின் விடுதலைக்காகச் சிறை சென்றவர். நேர்மைக்குப் பெயர் பெற்றவர். பிடிவாதத்துக்கும் பெயர் பெற்றவர். ஒரே சட்டக் கல்வி பெற்று, ஒரே உயர்நீதிமன்றத்தின் கீழ்த் தொழில் நடத்திய இருவர், ஒரே கோட்டின் இரு புறங்களில் நின்றனர்.

அவ்வாண்டு நடந்தவற்றை விரைந்து சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. தேவிகுளம், மூணாறு பகுதியில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே கிளர்ச்சி மூண்டது. நேசமணியும் அவருடைய தோழர்களும் தடையுத்தரவை மீறிச் சிறைப்பட்டனர். தெற்கே சினம் பொங்கியது. ஆகஸ்ட் 11ஆம் நாளை விடுதலை நாளாகக் கொண்டாடுவது என்று கட்சி முடிவு செய்தது. அன்று தொடுவெட்டியிலும், அதாவது இன்றைய மார்த்தாண்டத்திலும், புதுக்கடையிலும் ஊர்வலத்தார்மீது போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். பலர் உயிர் துறந்தனர். இறந்தவர்கள் பெருந்தலைவர்கள் அல்லர். உழைத்து உண்ணும் எளியவர்கள். அவ்விரண்டு ஊர்களும் விளவங்கோடு தாலுகாவைச் சேர்ந்தவை. நாகர்கோவில் மேடைகளில் பேசப்பட்ட கோரிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் எல்லைக்கு அருகே வாழ்ந்தவர்களே என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். வடக்கே ஒரு குரலும் எழுந்தது. பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, மக்களைச் சுட்ட அரசு எம் கட்சி அரசாயினும் பதவி விலக வேண்டும் என்ற கருத்தை வற்புறுத்தினார். பட்டம் விலகவில்லை. 1955 பிப்ரவரியில் சட்டசபையின் நம்பிக்கையை இழந்தபோதுதான் அவருடைய மந்திரிசபை வீழ்ந்தது.

இதற்குள் டில்லியில் இராச்சியச் சீரமைப்பு ஆணையம் அமைந்துவிட்டது. பசல் அலி தலைவர். குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோர் உறுப்பினர். 1955 செப்டம்பர் இறுதியில் அறிக்கை அளிக்கப்பட்டது. தமிழ் மேடைகளில் கேட்கப்பட்டவை ஒன்பது தாலுகாக்கள்: தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். ஆணையம் ஒப்புக்கொண்டவை தெற்கே நான்கும் செங்கோட்டையும் மட்டுமே. அவற்றிலும் செங்கோட்டைத் தாலுகாவின் மேற்குப் பகுதி இறுதியில் கேரளத்திலேயே நின்றது.

நேசமணியும் அவர் கட்சியினரும் தாலுகா தாலுகாவாகக் கணக்கு எடுத்து, எங்கெங்கே தமிழர் மிகுதி என்று காட்டி வாதாடினர். தேவிகுளத்தைப் பொறுத்தவரை அவ்வாதம் எண்ணிக்கையில் வலுவுடையதாகவே இருந்தது. ஆயினும் அங்குள்ள தமிழர் தோட்ட வேலைக்கு வந்து குடியேறியவர் என்பதும், மலைகளும் நீரும் கேரளத்தின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதவை என்பதும் எதிர்வாதமாக வந்து வென்றன. நெய்யாற்றின்கரையின் நிலை வேறு. தாலுகா முழுவதையும் எடுத்துக்கொண்டால் மலையாளம் பேசுவோரே பெரும்பான்மையோர். அருவிப்புறத்தில் நாராயண குரு 1888இல் சிவலிங்கம் நிறுவிய நிலம் அது. மலையாள நாட்டின் மறுமலர்ச்சிக்கே ஒரு தொடக்க இடம். மார்த்தாண்டவர்மா பகைவர்க்கு அஞ்சிப் பலாமரப் பொந்தில் ஒளிந்திருந்தார் என்ற கதையும் நெய்யாற்றின்கரைக்கே உரியது. இத்தகைய தாலுகாவைக் கேட்டது வக்கீல்களின் பழைய வழக்கப்படி, கிடைக்கவேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக வழக்குத் தொகையைக் குறிப்பதைப் போன்றதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவ்வாறு நினைப்பது பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு நீதி செய்ததாகாது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு அது கூடுதல் தொகையன்று, அவர்களுடைய வீடு.

தாலுகாவின் தெற்கு ஓரத்தில், பாறசாலையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் வழங்கின. நாடார் சமூகத்தில் அண்ணன் குடும்பம் தமிழில் எண்ணும். தம்பி குடும்பம் மலையாளத்தில் எண்ணும். ஒரு கண்டன்விளைப் பெண்ணைப் பாறசாலையில் கொடுத்தால் இரண்டு தலைமுறையில் பேரப் பிள்ளைகள் எந்த மொழியில் கனவு காண்பார்கள் என்று எவரால் சொல்ல முடியும்? குடிக்கணக்கு எடுக்க வருபவர் தாய்மொழி என்ற கட்டத்தில் ஒன்றைத்தான் எழுதுவார். தமிழர் தொகையைக் குறைத்து எழுதிவிட்டார்கள் என்ற புகார் தமிழ்நாடு காங்கிரஸாரிடம் இடைவிடாது இருந்தது. அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் நேர்மையாக எழுத வந்தவரும் அங்கே திணறியிருப்பார்.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்படும். இராச்சியச் சீரமைப்பு ஆணையம் கிராமத்தை அலகாகக் கொண்டு எல்லை வகுப்பதை விரும்பவில்லை. பொதுவாக மாவட்டமே அதற்கு அடிப்படை. இங்கே தாலுகா வரை இறங்கி வந்ததே பெரிது. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே ஆந்திர எல்லையில் வேறொரு முறை கையாளப்பட்டது. பட்டாஸ்கரின் நடுவண்மையில் கிராமத்தை அலகாக வைத்து, மொழிப் பெரும்பான்மையையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்துப் பங்கிட்டனர். அதன்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை இராச்சியத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரைக்கும் விளவங்கோட்டுக்கும் நடுவே அத்தகைய கிராமக் கணக்கு எடுக்கப்படவேயில்லை. எடுத்திருந்தால் பாறசாலைப் பக்கத்துச் சில ஊர்கள் தெற்கே வந்திருக்கலாம். விளவங்கோட்டின் வடமேற்கு ஓரத்திலுள்ள மலையாள ஊர்கள் சில வடக்கே சென்றிருக்கலாம். எல்லை ஒழுங்காகியிருக்குமா, அல்லது இன்னும் நூறு வளைவுகளோடு கோணலாகியிருக்குமா என்பது வேறு கேள்வி.

மலையாளிகளின் இழப்பையும் மறைப்பது நேர்மையாகாது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். பத்மநாபபுரம் அந்நாட்டின் பழைய தலைநகர். மார்த்தாண்டவர்மா ஆண்ட அந்த அரண்மனை தமிழ்நாட்டு நிலத்தில் நிற்கிறது. ஆனால் அதைக் காத்து நிருவகிப்பது கேரள அரசு. எல்லைக்கோடு எவ்வளவு உறுதியாக இழுக்கப்பட்டாலும் வரலாறு அதற்குள் அடங்குவதில்லை என்பதற்கு அவ்வரண்மனையின் வாசலில் கேரள அரசின் ஊழியர் நிற்பதே சான்று.

1956 நவம்பர் முதல் நாள் நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. கோரிக்கையின் பெரும்பகுதி நிறைவேறியதால் தமிழ்நாடு காங்கிரஸ் தன் தனி வாழ்வை முடித்துக்கொண்டு இந்தியத் தேசியக் காங்கிரஸோடு இணைந்தது. பதவிக்காகவே பிறந்த கட்சிகள் தம் நோக்கம் முடிந்தபின்னும் பலகையை இறக்குவதில்லை, இக்கட்சி இறக்கியது. 1957இல் நேசமணி கிள்ளியூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு கேரளத்தின் முதல் சட்டமன்றத்துக்குப் பாறசாலைத் தொகுதி எம். குஞ்ஞுகிருஷ்ணன் நாடாரை அனுப்பியது. கிள்ளியூருக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ள தொலைவு சில மைல்களே. ஓர் உறுப்பினர் வடக்கே திருவனந்தபுரத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருவார்; மற்றவர் சென்னைக்கு ஓர் இரவும் அதன்மேலும் பயணம் செய்ய வேண்டும்.

சென்னைச் சட்டமன்றத்தில் நேசமணியின் காலம் அவருடைய பழைய புகழுக்கு ஏற்ப ஆரவாரமுடையதன்று. இணைப்புக்குப் பிந்திய வேலை வேறு வகைப்பட்டது. திருவிதாங்கூர்ச் சட்டங்கள் ஒரே நாளில் மறையவில்லை. சட்டப் புத்தகங்களில் அந்நான்கு தாலுகாக்களுக்கு 'மாற்றப்பட்ட பிரதேசம்' என்றே பெயர் ஏற்பட்டது. சென்னை இராச்சியச் சட்டங்களை ஒவ்வொன்றாக அங்கே நீட்ட வேண்டியிருந்தது. பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்களை இரயத்துவாரி முறைக்குக் கொண்டுவருவதற்கு 1964இல் தனிச் சட்டமே செய்ய நேர்ந்தது. துப்பாக்கிச் சூட்டில் இறந்தவனின் தம்பிக்குக் கிடைத்த இணைப்பு, அவன் கையிலுள்ள மலையாள ஆதாரத்தைத் தமிழ்ப் பட்டாவாக மாற்றும் வேலையாகவே நெடுங்காலம் நீடித்தது. மேல்முறையீடு எர்ணாகுளத்திலிருந்து சென்னைக்கு மாறியது. 2004 ஜூலையில் உயர்நீதிமன்றக் கிளை மதுரையில் திறக்கப்பட்ட பின்னரே அத்தொலைவு குறைந்தது.

1962இலும் 1967இலும் நேசமணி மீண்டும் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1968 ஜூன் முதல் நாள் காலமானார். அவரால் காலியான இடத்துக்கு 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் காமராசர் நின்று வென்றார்.

கோட்டுக்கு வடக்கே நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது? 1956ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வழி சொல்லியது. அவர்களுடைய நலனைக் கவனிக்கத் தனி அதிகாரி ஒருவரையும் ஏற்படுத்தியது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று கூறியது. சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பிள்ளைக்கு வேலை வேண்டும் என்று நினைக்கும் தந்தை, எந்த மொழிப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது அரசியலமைப்பைப் புரட்டிப் பார்ப்பதில்லை. கால ஓட்டத்தில் பாறசாலைப் பக்கத்துப் பல வீடுகளில் தமிழ் பாட்டியின் மொழியாயிற்று. சபைகளும் பிரிந்தன. ஒரே தென் திருவிதாங்கூர்ப் பேராயமாக இருந்த தென்னிந்தியத் திருச்சபை 1959இல் கன்னியாகுமரிப் பேராயம், தென் கேரளப் பேராயம் என இரண்டாயிற்று. இலண்டன் மிஷன் காலத்திலிருந்து ஒரே பாட்டுப் புத்தகத்தின் வழியே கூடி வழிபட்டவர்கள் தம் ஆண்டுக் கூட்டங்களுக்கு வெவ்வேறு நகரங்களுக்குச் செல்லலாயினர்.

இறுதியாக நீரைப் பற்றி ஒரு வார்த்தை. நெய்யாற்று அணைத் திட்டம் திருவிதாங்கூர்-கொச்சி ஒன்றாக இருந்த நாளில் 1951ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கப்பட்டது. அணை 1958இல் முடிந்தபோது நாடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. அதன் இடதுகரைக் கால்வாய் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் ஊர்களைக் கடந்து விளவங்கோட்டுக்குள் நுழைகிறது. அங்கே ஏறத்தாழ 9,200 ஏக்கர் நிலம் அந்நீரை நம்பியிருந்தது. திட்டம் வரைந்த பொறியாளருக்குத் தாலுகா எல்லை ஒரு பொருட்டாக இருந்திருக்காது, சரிவைத்தான் பார்த்திருப்பார். இணைப்புக்குப் பின்னும் ஆண்டுகள் பல அந்நீர் கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. 2004இல் கேரளம் அதை நிறுத்தியது. ஒப்பந்தம் எழுத்தில் முடியவில்லை என்பது ஒரு பக்கத்து வாதம். நெய்யாறு இரு இராச்சியங்களுக்கும் உரிய ஆறா, கேரளத்துக்குள்ளேயே பிறந்து கேரளத்துக்குள்ளேயே கடல் சேரும் ஆறா என்பது அடுத்த வாதம். 2012இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கால்வாயின் தெற்குப் பகுதியில் புல் முளைத்திருக்க, அதன் கட்டுகள் குறிப்பிட்ட ஓர் இடத்தில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குள் நுழைகின்றன என்பதை வக்கீல்கள் இரு தரப்பிலும் பழைய தாலுகா வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியதாயிற்று.